பத்தே பத்து கார்டு: சின்ன ஆர்டருக்கு ஒரு பிரஸ்காரியின் கணக்கு

"மதினி, பத்தே பத்து கார்டுதான். அடிச்சுத் தருவீங்களா?"

எங்கள் கடை வாசலில் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம். மாமனார் காலத்தில் ட்ரெடில் மிஷினும் ஈய எழுத்துப் பெட்டிகளுமாக ஆரம்பித்தது. இப்போது ஒரு மினி ஆஃப்செட், ஒரு கலர் டிஜிட்டல் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ், ஒரு கட்டிங் மிஷின், பின்கட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு ஒரு மேசை. மிஷின் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆர்டர் எடுப்பது, விலை சொல்வது, வசூல் மூன்றும் என் பொறுப்பு. அதனால் சின்ன ஆர்டரை எடுப்பதா வேண்டாமா என்பதை நான்தான் நின்ற இடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

என் கட்சி இதுதான்: சின்ன ஆர்டரை எடுங்கள், ஆனால் பெரிய ஆர்டரின் ரேட்டில் எடுக்காதீர்கள். சில சின்ன ஆர்டர்களை எந்த ரேட்டிலும் எடுக்காதீர்கள். எது எது என்று பிரிக்கத்தான் கொஞ்சம் கணக்கு வேண்டும். அச்சுத் தொழிலை வைத்தே சொல்கிறேன். தையல் கடையோ கேக் கடையோ வைத்திருப்பவர்கள் அச்சுத் தகடான பிளேட்டுக்குப் பதில் பேட்டர்னையும் அடுப்பையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவைச் செலவைத் தனியாக எழுதுங்கள்

எண்ணிக்கை பத்தானாலும் பத்தாயிரமானாலும் ஒரே ஒரு தடவை ஆகிற செலவு ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் ஆகிற செலவு இன்னொன்று. இரண்டையும் கலந்து "ஒரு நோட்டீஸ் ஒரு ரூபாய்" என்று சொல்லிப் பழகியவர்கள்தான் சின்ன ஆர்டரில் அடிபடுகிறார்கள்.

டெமி 1/8 அளவில், அதாவது ஏறக்குறைய ஏ4 தாளில் பாதி அளவில், ஒரே நிற மையில் அடிக்கும் ஒரு நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். ரேட் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் புரிவதற்காக ரவுண்டாகவே போடுகிறேன். டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் டைப் செய்து பக்கம் அமைக்கும் கூலி ரூ.150. பிளேட் ரூ.120. மிஷின் செட்டிங்கும் அப்புறம் மை கழுவுவதும் சேர்த்து ரூ.250. செட்டிங்கில் வீணாகும் தாள் ரூ.30. கட்டிங், கட்டு கட்டுவது ரூ.50. ஆக ரூ.600, மிஷின் ஓட ஆரம்பிக்கும் முன்பே. அதற்கு மேல் தாள், மை, ஓட்டும் கூலி எல்லாம் சேர்த்து நோட்டீஸுக்கு 40 பைசா.

1,000 நோட்டீஸ் என்றால் 600 + 400 = ரூ.1,000. ஒன்று ஒரு ரூபாய். 100 நோட்டீஸ் என்றால் 600 + 40 = ரூ.640. ஒன்று ஆறு ரூபாய் நாற்பது பைசா.

வாடிக்கையாளருக்கு இது தெரியாது. "ஆயிரம் ஆயிரம் ரூபான்னா நூறு நூறு ரூபாதானே அக்கா?" என்று கேட்பார். கேட்பதில் தப்பே இல்லை. காய்கறிக் கடையில் அப்படித்தான் நடக்கிறது. நாம்தான் விளக்க வேண்டும். ஆனால் வாயால் விளக்கினால் பேரம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். அதனால் நான் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன்: 100 என்றால் இவ்வளவு, 500 என்றால் இவ்வளவு, 1,000 என்றால் இவ்வளவு. ரூ.640, ரூ.800, ரூ.1,000 என்று வரிசையாகப் பார்த்ததும் பாதிப் பேர் தாங்களாகவே "சரி, ஐந்நூறாவே போட்டுருங்க" என்று வந்துவிடுகிறார்கள். நாம் வற்புறுத்த வேண்டியதே இல்லை. மீதிப் பேருக்கு உண்மையிலேயே 100தான் தேவை. கடைத் திறப்புக்கு நாலு தெருவில் கொடுக்கப் போகிறவர் 1,000 வாங்கி என்ன செய்வார்? அவரிடம் 900 நோட்டீஸை அதிகப்படியாகத் தலையில் கட்டுவது வியாபாரம் இல்லை, அடுத்த தடவை அவர் வேறு கடைக்குப் போவதற்கு நாமே வழி காட்டுவது.

அந்த 100 நோட்டீஸை ஆஃப்செட்டில் ஏற்றவே வேண்டாம் என்பது அடுத்த கணக்கு.

எந்த எண்ணிக்கையில் மிஷின் மாற வேண்டும்

அதே நோட்டீஸை ஜெராக்ஸில் போட்டால் பிளேட் இல்லை, செட்டிங் இல்லை. டிடிபி ரூ.150, கட்டிங் ரூ.50, ஆக ஒரு தடவைச் செலவு ரூ.200. கொஞ்சம் சுருக்கினால் ஏ4 தாளில் இரண்டு நோட்டீஸ் உட்காரும். ஒரு ஏ4 பக்கத்துக்கு எல்லாம் சேர்த்து ரூ.2 என்று வைத்தால் நோட்டீஸுக்கு ஒரு ரூபாய். 100 நோட்டீஸ் ரூ.300. ஆஃப்செட்டில் ரூ.640 ஆனது இங்கே பாதிக்கும் கீழே.

500க்குப் போனால் ஜெராக்ஸ் ரூ.700, ஆஃப்செட் ரூ.800. 700க்குப் போனால் ஜெராக்ஸ் ரூ.900, ஆஃப்செட் ரூ.880. ஆக, இந்த ரேட்டில் 600க்கும் 700க்கும் நடுவில் ஓர் இடத்தில் ஆஃப்செட் மலிவாகிறது. உங்கள் கடை ரேட்டைப் போட்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் கடையில் கட்டிங் மிஷினுக்கு மேலே மார்க்கரில் எழுதியிருக்கிறது. நோட்டீஸுக்கு ஒன்று, விசிட்டிங் கார்டுக்கு ஒன்று, லெட்டர் பேடுக்கு ஒன்று. நான் இல்லாத நேரத்தில் டிடிபி பொண்ணு ஆர்டர் எடுத்தாலும் அதைப் பார்த்துத்தான் ரேட் சொல்ல வேண்டும்.

விசிட்டிங் கார்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்றரைக்கு இரண்டு அங்குலக் கார்டு, 12க்கு 18 டிஜிட்டல் ஷீட்டில் வெட்டுவதற்கு இடம் விட்டு 24 உட்காரும். 100 கார்டுக்கு ஐந்து ஷீட் போதும், அன்றைக்கே கொடுத்துவிடலாம். 1,000 மல்டிகலர் என்றால் நாங்கள் தொடுவதே இல்லை, ஃபைலைச் சிவகாசிக்கு அனுப்பிவிடுவோம். அங்கே பெரிய மிஷினில் பல ஊர்க் கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிக்கிறார்கள். பிளேட் செலவு அத்தனை பேருக்கும் பங்காகிறது. தனியாக ஒருவருக்கு மட்டும் அடித்தால் கட்டவே கட்டாத விலையில் அப்படித்தான் கார்டு வருகிறது.

இந்தச் சேர்த்து அடிக்கும் தந்திரத்தைச் சின்னக் கடையிலும் செய்யலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் வேலைகளை நான் வாரத்தில் ஒரே நாளில்தான் போடுவேன். சிவப்பு மை கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக, தங்க மை கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றாக. "வியாழக்கிழமை அடித்துத் தந்தால் போதும் என்றால் இந்த ரேட், இன்றைக்கே வேண்டுமென்றால் இந்த ரேட்" என்று இரண்டு விலை சொல்வேன். முக்கால்வாசிப் பேர் வியாழக்கிழமைக்குச் சரி என்பார்கள். அவசரம் என்று நாம் நினைத்துக்கொள்கிற பல வேலை அவர்களுக்கு அவசரமே இல்லை.

பிளெக்ஸ் பேனருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சதுர அடிக் கணக்கு. நாலுக்கு மூன்று என்றால் 12 சதுர அடி, அவ்வளவுதான். டிசைன் கூலியை மட்டும் தனியாகப் போட மறக்காதீர்கள்.

வாசலில் போகும் நேரம்

மேலே போட்ட கணக்கில் ஒரு செலவு இல்லை. பேசுகிற நேரம். சின்ன ஆர்டர்காரர்தான் ரொம்ப நேரம் பேசுவார். மாதாமாதம் பில் புக் அடிக்கும் ஜவுளிக் கடைக்காரர் போனில் "போன தடவை மாதிரியே" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். முதல் தடவையாக 25 கார்டு அடிக்க வருபவருக்கு மேட் எது, கிளாஸி எது, 300 ஜிஎஸ்எம் என்றால் எவ்வளவு கனம், பிள்ளையார் படம் இடப்பக்கமா வலப்பக்கமா, எல்லாமே புதுசு. அவருக்கு அது வாழ்க்கையில் ஒரு தடவை செய்கிற வேலை. பொறுமையாகத்தான் பேச வேண்டும். ஆனால் அந்தப் பொறுமைக்கும் கூலி உண்டு.

ஒரு வாரம் ஒரு நோட்டு போட்டு எழுதிப் பாருங்கள். ஆர்டரின் பெயர், பேசிய நேரம், டிடிபி நேரம், எத்தனை திருத்தம், மிஷினில் எவ்வளவு நேரம், கைக்கு வந்த பணம். வாரக் கடைசியில் பணத்தை நேரத்தால் வகுத்தால் எந்த வேலை சோறு போடுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், நஷ்டம் வந்த இடம் மிஷின் இல்லை, திருத்தம்.

பத்திரிகையில் திருத்தம் எப்படி வரும் என்று அச்சகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதணி விழாவுக்கு 50 பத்திரிகை. முதல் புரூஃபில் (சரிபார்க்கத் தரும் மாதிரித் தாளில்) தாய்மாமன் பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டது என்பார்கள். பெரிதாக்கினால் சித்தப்பா பெயர் அதற்குக் கீழே போய்விட்டது என்று இன்னொரு போன். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் பெரியம்மா வீட்டிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்து நிற்பார். கடைசியில் "அழைப்பில் மகிழும்" பட்டியலில் இருபது பேர் ஏறி, தேதி போடுவதற்கு இடம் இருக்காது. இத்தனையும் 50 பத்திரிகைக்கு. 500க்கும் இதே கூத்துதான், ஆனால் 500 அந்தக் கூத்தைத் தாங்கும்.

அதனால் திருத்தத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். எங்கள் கடையில் இரண்டு புரூஃப் வரை டிடிபி கூலியிலேயே அடக்கம். மூன்றாவதிலிருந்து தடவைக்கு ரூ.50. இது ஆர்டர் சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது, பணம் வாங்கும்போதே விரலை வைத்துக் காட்டிவிடுவேன். அந்த ஐம்பது ரூபாயை நான் வாங்க நேர்வது அபூர்வம். அப்படி ஒரு வரி இருப்பதாலேயே வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் பெயர்களை முடிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

விவரம் வாங்குவதற்கும் ஒரு முறை வேண்டும். பெயர்கள் கைப்பட எழுதிய தாளாகவோ, தமிழில் டைப் செய்த செய்தியாகவோ வரட்டும். குரல் பதிவில் வேண்டாம். "சண்முகவேல்" ஒரு குரலுக்கு "சம்முகவேல்" ஆகிவிடும். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அச்சில் மங்கிவிடும். சரி என்று சொல்வதும் வாட்ஸப்பில் எழுத்தாகவே வரட்டும். போனில் சொன்ன சரிக்குச் சாட்சி கிடையாது.

முன்பணம்

பெரிய ஆர்டருக்குப் பாதி முன்பணம், சின்ன ஆர்டருக்கு முழுப் பணம். இது எங்கள் வழக்கம். தலைகீழாக இருக்க வேண்டாமா என்று வீட்டுக்காரர் கூடக் கேட்டார். யோசித்துப் பாருங்கள்: 200 ரூபாய் பாக்கியை வசூலிக்க இரண்டு போனும் ஒரு நடையும் ஆனால் மிச்சம் எது? அதோடு, யாரோ ஒருவரின் பெயர் அச்சான கார்டை அவர் வாங்காவிட்டால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட முகம் சுளிப்பார். கியூஆர் அட்டை மேசையில் இருக்கிறது. சின்ன ஆர்டரில் பணம் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரில் ஃபைல் திறக்கும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தனி பில் போட வேண்டியதில்லை, நாள் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பில் போட்டுக்கொள்ளலாம். துண்டு வேலைகள் நிறைய வரும் கடைக்கு இது பெரிய ஆசுவாசம். கேட்பவருக்கு மறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.

யோசிக்காமல் எடுக்க வேண்டியவை

கணக்கு எல்லாம் போட்ட பிறகும், சில ஆர்டரை நான் கணக்குப் பார்க்காமல் எடுப்பேன்.

முதலாவது துக்க வேலை. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், பதினாறாம் நாள் கார்டு. எண்ணிக்கை எப்போதும் குறைவுதான், நேரம் எப்போதும் நெருக்கடிதான். படம் என்று தருவது ஏதாவது கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி முகமாக இருக்கும். அதை வெட்டி, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, சட்டைக் காலர் வரைந்து தர வேண்டும். வந்திருப்பவரோ பேரம் பேசும் மனநிலையில் இல்லாத ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ. அதனால் இதற்கு ஒரே ரேட்தான், ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் அதே ரேட்தான். அவசரக் கூலி கிடையாது. இதில் லாபம் பார்க்கக் கூடாது என்று தர்மம் பேசவில்லை. செலவுக்கு வந்துவிடும் அளவுக்கு ரேட் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் அடுத்து நடக்கிற கல்யாணப் பத்திரிகை வேறெங்கும் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது புதிதாகத் தொழில் ஆரம்பிப்பவரின் பில் புக். "ஒரே ஒரு புக் போதும்க்கா, ஓடுதான்னு பார்ப்போம்" என்று வருவார். ஒரு புக்குக்கு நம்பரிங்கும் பெர்ஃபரேஷனும் (கிழிப்பதற்கான துளை வரிசை) பைண்டிங்கும் போட்டால் கூலி புக் விலையைத் தாண்டிவிடும். ஆனாலும் எடுப்பேன், டிஜிட்டலில் நம்பரைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்கொண்டு. ஏனென்றால் இவர்தான் ஐந்து வருடம் கழித்துப் பெரிய ஆர்டர் தரப்போகிறவர். அதைவிட முக்கியம், இவரிடம் கேட்டுத் தெளிவு செய்ய வேண்டியவை நிறைய. சரக்கு விற்பவரா, வேலை செய்து கொடுப்பவரா? சரக்கு என்றால் ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி, வேலை என்றால் இரண்டு போதும். காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருந்தால் வரி போட்ட பில்லே அடிக்கக் கூடாது, 'பில் ஆஃப் சப்ளை' என்று தலைப்பிட்டு, வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகமும் போட வேண்டும். தெரியாமல் பத்து புக் அடித்துவிட்டு ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அத்தனையும் குப்பை. ஒரு புக் அடித்து ஆடிட்டரிடம் காட்டச் சொல்வதுதான் எல்லாருக்கும் நல்லது.

இதே காரணத்துக்காக, மார்ச் மாதம் வந்து பத்து புக் கேட்பவரிடம் இரண்டு போதும் என்று நானே குறைத்துச் சொல்வேன். பில் நம்பர் நிதியாண்டுக்குள் ஒன்றுபோல் இன்னொன்று வரக் கூடாது என்பது விதி. ஏப்ரலில் பலரும் புது வரிசை தொடங்கிவிடுவார்கள். மீதி எட்டு புக் அலமாரியில் தூங்கும். இப்படி ஓர் ஆர்டரை நாமே சின்னதாக்கினால் அவர் அடுத்து வாங்கும் விலையில் பேரம் பேசுவதில்லை.

மூன்றாவது, சாம்பிள். பெரிய கடை ஒன்று புதுப் பெட்டி லேபிள் 20 அடித்துப் பார்க்கக் கேட்டால் அடித்துக் கொடுங்கள். முழுக் கூலி வாங்கிக்கொண்டு, பெரிய ஆர்டர் வந்தால் அதில் டிசைன் கூலியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். இலவச சாம்பிள் மட்டும் வேண்டாம். இலவச சாம்பிளை ஐந்து கடையில் வாங்கி ஆறாவது கடையில் ஆர்டர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எடுக்கவே கூடாதவை

அச்சகத்தில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அதுவே ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு மார்க் ஷீட். ஒரே ஒரு லெட்டர் பேட், அதுவும் வேறு ஆபீஸின் பெயரில். "ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, இதே மாதிரி ஒண்ணு மட்டும்." இப்படிக் கேட்பவர் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். சிங்கத் தலை அரசு முத்திரையைத் தனியார் கார்டில் போடச் சொன்னாலும் கூடாது. அதைத் தகாத முறையில் பயன்படுத்துவதைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. "எங்க மாமா டிபார்ட்மென்ட்லதான் இருக்காரு" என்பது பதில் ஆகாது. இன்னொரு கம்பெனியின் மசாலா லேபிளை அப்படியே 50 அடிக்கக் கேட்டாலும் அதே கதைதான்.

தேர்தல் சமயத்தில் வரும் 200 நோட்டீஸையும் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ: தேர்தல் துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன்னைப் பற்றி ஓர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு, தன்னை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்தோடு இரண்டு பிரதி நமக்குத் தர வேண்டும். அடித்து முடித்ததும் அதில் ஒரு பிரதியையும் நோட்டீஸ் ஒன்றையும் மாநிலத் தலைநகருக்கு வெளியே இருக்கும் நம்மைப் போன்ற அச்சகங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளரின் தம்பி வந்து "பேரெல்லாம் வேண்டாம் மதினி, சும்மா இருநூறு" என்றால் நான் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன், நோட்டீஸ் கொடுக்க மாட்டேன். அந்தத் தாள் வேலைகளுக்குச் சேர்த்து ரேட் சொன்னால் பாதிப் பேர் தாங்களாகவே போய்விடுகிறார்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர் திரையில் பார்த்த அதே கலர் அச்சில் வர வேண்டும் என்று 50 கார்டுக்கு நிற்பவர். அவருக்கு ஒத்துவரும் கலரைக் கொண்டுவரவே 50 ஷீட் போய்விடும். நல்ல மனிதராக இருப்பார், தட்ட மனம் வராது. தட்டிவிடுங்கள்.

மாதத்தைப் பார்த்து வரம்பை மாற்றுங்கள்

குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒரு தொகையை வருடம் முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும்போது மிஷினை நிறுத்தி 50 கார்டுக்குச் செட்டிங் மாற்றுவது முட்டாள்தனம். அந்த மாதங்களில் ஆஃப்செட்டில் ரூ.1,000க்குக் கீழே வேலை ஏறாது, டிஜிட்டலில் மட்டும் எடுப்போம். மார்கழியில் கல்யாண வேலை கிடையாது, மிஷின் சும்மா நிற்கும், ஆளுக்குச் சம்பளம் எப்படியும் கொடுக்க வேண்டும். அப்போது ரூ.300 வேலையும் வரவுதான். ஆடியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா இருக்கிறது. மண்டகப்படி நோட்டீஸ், நன்கொடை ரசீது, அன்னதானக் கூப்பன் என்று சின்னச் சின்னதாக நூறு வேலை. எல்லாம் கேட்பது அதே வாரத்தில். அதற்கென்று மஞ்சள் தாளும் இளஞ்சிவப்புத் தாளும் ஆனி மாதமே வாங்கி வெட்டி வைத்துவிடுவேன். ரசீதுக்கு நாலு மாதிரி முன்கூட்டியே தயார். இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் டிடிபி கூலி பாதி. பெயரும் தேதியும் மட்டும் மாற்றினால் போதும் என்பதால் நமக்கும் கட்டுபடியாகும்.

மாதிரி வைத்துக்கொள்வது வருடம் முழுக்கவே உதவும். கல்யாணக் கார்டில் அதைத்தான் செய்கிறோம்: கார்டு கம்பெனியிலிருந்து அச்சான வெற்றுக் கார்டு வரும், உள்ளே பெயர் மட்டும் நாம் அடிக்கிறோம். கார்டுகள் கட்டாகத்தான் வரும் என்பதால் 37 கார்டு வேண்டும் என்பவருக்கு ஒரு கட்டைப் பிரித்தால் மீதி நம் தலையில். பழைய ஆல்பத்தில் மிச்சம் விழுந்த கார்டுகளைத் தனியாக ஒரு பெட்டியில் எண்ணிக்கை எழுதிப் போட்டு வையுங்கள். சின்ன ஆர்டர்காரரிடம் முதலில் அந்தப் பெட்டியை நீட்டுங்கள். அவருக்கு விலை குறைவு, நமக்கு இடம் காலி.

முடியாது என்று எப்படிச் சொல்வது

"அதெல்லாம் பண்றதில்ல" என்று ஒரே வார்த்தையில் அனுப்பக் கூடாது. அவர் அதை ஊரெல்லாம் சொல்வார். எங்கே முடியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நான் நிறைய பேரை அனுப்புகிறேன். ஐந்து காப்பி, பத்து காப்பி எல்லாம் அவருக்குத்தான் கட்டும். அவர் தன்னால் முடியாத பைண்டிங்கை எங்களுக்கு அனுப்புகிறார். கமிஷன் என்று எதுவும் பேசிக்கொண்டதில்லை.

பழைய வாடிக்கையாளரிடம் புதிதாகக் குறைந்தபட்சத் தொகை சொல்வதுதான் சங்கடம். இருபது வருடமாக மாமனாரிடம் நினைத்த எண்ணிக்கையில் அடித்துப் பழகிய அண்ணாச்சியிடம் போர்டைக் காட்டிப் பேச முடியாது. அவருக்குப் பழைய ரேட்டிலேயே ஒரு தடவை அடித்துக் கொடுத்து, சீட்டில் "தை முதல் இவ்வளவு" என்று எழுதிக் கொடுங்கள். முணுமுணுப்பார். தையில் வருவார்.

கடைசியாக ஃபைல். பத்து கார்டு அடித்தவர் ஆறு மாதம் கழித்து நம்பர் மாறிவிட்டது என்று மறுபடி பத்து கார்டுக்கு வருவார். அப்போது ஃபைலைத் தேடி அரை மணி போனால் ரேட் வைத்ததெல்லாம் வீண். எங்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் வாடிக்கையாளர் பெயர், அவருடைய போன் நம்பரின் கடைசி நாலு எண், தாள் வகை, மாதம், வருடம் எல்லாம் இருக்கும். பாமினி என்ற பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் செய்த பழைய ஃபைல்களைத் திறக்கும்போதெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிச் சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடி வருபவருக்கு டிடிபி கூலி கிடையாது. திருத்தம் இருந்தால் மட்டும் ரூ.50.